கிளார்க் நாற்காலியில் டர்க்கி டவல்

ஸ்ரீவராகத்துச் சூடாமணியைப் பற்றி ஊரில் உலவும் வதந்தி மூன்று பதிப்புகளில் கிடைக்கிறது.

முதல் பதிப்பு பத்மநாபஸ்வாமி கோவில் குளத்துப் பக்கம் வழங்குவது. மாமி ஆபீசில் தன் நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளை டர்க்கி டவலைப் போட்டுக்கொண்டு, அன்று முதல் தான்தான் அதிகாரி என்று உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது, கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துப் பதிப்பு. அந்த டவலின் பேரில் சர்க்கார் பதினான்கு பக்கத்துக்கு ஃபைல் திறந்திருக்கிறது. டவல் இப்போது காவலில் இருக்கிறது. மூன்றாவதை எனக்கு முடி வெட்டுகிறவர் சொன்னார். டவல் போட்ட நாளிலிருந்து மாமியின் முதுகுவலி அவளை விட்டு எழுந்து, வராந்தா வழியாக நடந்துபோய், அதிகாரியின் முதுகில் உட்கார்ந்துகொண்டதாம். இதைச் சொன்னபோது அவருடைய கத்தி என் கழுத்தில் இருந்தது. தலையை ஆட்டாமலே ஒப்புக்கொண்டேன்.

மூன்றும் பொய்யாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையோடு விசாரிக்கக் கிளம்பினேன். பொய் என்றால் ஒரே பத்தியில் முடித்துவிட்டு மத்தியான ஊணுக்குப் போயிருக்கலாம். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்து தொலைத்ததால் விஷயம் இவ்வளவு நீண்டுவிட்டது.

சூடாமணிக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடமாக ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். ஆபீசின் பெயர் வேண்டாம். கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பது அங்கே ஒரு வேலை. கொடுக்காமல் இருப்பது மற்ற வேலை. அந்த ஆபீசில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, ஸீட்தான் உண்டு. சூடாமணி 'பி-நாலு'. பி-நாலு லீவில் போகும், பி-நாலு காப்பி குடிக்கும், பி-நாலுக்குக் கழுத்து வலிக்கும்.

வலி கழுத்தின் வலப்பக்கத்தில் தலைமை அலுவலகம் வைத்து, தோள்பட்டையிலும் இடுப்பிலும் கிளை திறந்திருந்தது. இரண்டு வருடம் தைலத்தில் ஓடியது. சென்ற ஜூன் மாதத்தில் ஒரு காலை, அட்டக்குளங்கரையில் ஸ்கூட்டரை வலதுபக்கம் திருப்புவதற்கு முன்னால், பின்னே என்ன வருகிறது என்று பார்க்கத் தலையைத் திருப்பினார். தலை வரவில்லை. தலை வராததால் வண்டியையே திருப்பிப் பார்த்தார். பின்னே வந்தது பஸ். டிரைவர் பிரேக்கை மிதித்து நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மாமியின் குடும்பத்தில் மூன்று தலைமுறையை நலம் விசாரித்தார்.

ஸ்கூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் சூடாமணிக்கு முதுகெல்லாம் இரண்டாம் பட்சம். வண்டி மாம்பழ மஞ்சள். நாற்பத்தெட்டாவது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டார். அதற்கு முன்பு இருபத்து நான்கு வருடம் கணவர் சேஷன் ஓட்டிய இடத்துக்கெல்லாம் போய்வந்தார். சேஷன் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கார் ஓட்டும்போது வழியில் கோவில் தென்பட்டால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். தடுக்கி விழுந்தால் கோவிலாக இருக்கும் கோட்டைக்குள் இப்படி ஓட்டினால் ஸ்டியரிங்குக்கு எத்தனை கை மிஞ்சும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் வந்தபிறகு சூடாமணி ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகச் சங்குமுகம் போக ஆரம்பித்தார். கடலைப் பார்த்து உட்கார்ந்து ஒரு பொட்டலம் கப்பலண்டி, அதாவது வேர்க்கடலை, தின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

"அந்த ஒரு மணி நேரம் நான் பி-நாலும் இல்லை, மாமியும் இல்லை" என்றார் என்னிடம். "காத்து வாங்கற ஒரு பொம்மனாட்டி. அவ்வளவுதான்."

பஸ் விவகாரம் சேஷன் காதுக்கு எட்டியதும் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மதி, சூடாமணி. ஸ்கூட்டர் ஓட்டினது போறும். ராஜஸ்ரீக்குக் கொடுத்துடலாம். ஆபீஸ் வரைக்கும் நான் கார்லே கொண்டாக்கறேன்."

"ஏன்னா, உங்க கார்லே போறதுக்கு நான் பஸ்ஸுக்கு அடியிலேயே போயிடலாம்."

ராஜஸ்ரீ சேஷனின் தங்கை பெண், அடுத்த தெரு, பள்ளிக்கூட ஆசிரியை. அன்று மாலையே வந்தாள். ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். "மாமிக்கு முதல்லே வலி மாறட்டும். எனக்கு அவசரமே இல்லை" என்றாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

சமரசமாக ஜிபினிடம் போனார்கள். கரமனையில் பிசியோதெரபி நிலையம் வைத்திருக்கும் பாறசாலைக்காரர். வலிக்கிற இடத்தை அமுக்கிப் பார்த்து, நோயாளி கத்தியதும் "ஆங், இதுதான்" என்று திருப்தி அடைகிற ரகம்.

"ஆறு வாரம் ஸ்கூட்டரத் தொடப்பிடாது, மேடம். ஆறாவது வாரம் இதே எடத்துல இருந்து, தாடையத் தோளுக்கு நேரா கொண்டுவரணும். ரெண்டு பக்கமும். ஒடம்பு அசையப்பிடாது, தல மட்டும். வந்துச்சுன்னா வண்டி ஒங்களுக்கு. வரலேன்னா..."

"ராஜஸ்ரீக்கு" என்று சேஷன் முடித்துவைத்தார்.

ஜிபின் ஒரு மாத்திரைகூட எழுதவில்லை. ஆபீசில் வேலை செய்யும்போது ஒரு போட்டோ எடுத்துக் கொண்டுவரச் சொன்னார். "ஆனா ஒங்களுக்குத் தெரியாம எடுக்கணும். தெரிஞ்சா சப்பரத்துச் சாமி மாதிரி நேரா இருந்துருவீங்க."

பக்கத்து ஸீட்டான பி-ஐந்தில் ஆர்ஷா என்ற சின்னப் பெண். அவள் எடுத்துக் கொடுத்தாள். ஜிபின் அந்தப் படத்தை எக்ஸ்ரே பார்ப்பதைப்போல வெளிச்சத்தில் பிடித்தார்.

"மேடம், இது யாரு?"

"நான்தான்."

"நீங்க இல்ல. மேசைக்கு நடுவுல."

"அது பத்மநாபஸ்வாமி."

சூடாமணியின் மேசைமேல் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் நடுநாயகமாகப் பத்மநாபஸ்வாமி. அவரைச் சுற்றி ஆற்றுகால் பகவதி, பழவங்காடிப் பிள்ளையார், விடுமுறை நாள்களின் பட்டியல். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதை வைக்க மேசையில் மிஞ்சிய இடம் இடது மூலைதான். மூன்று வருடமாகச் சூடாமணி சுவாமிக்கு நேராக உட்கார்ந்து, இடுப்புக்கு மேலே மட்டும் இடதுபக்கம் முறுக்கிக்கொண்டு டைப் செய்திருக்கிறார்.

"பின்னே? பகவான் மேலே கீபோர்டை வைக்கச் சொல்றேளா?"

ஜிபின் பெருமூச்சு விட்டார். "ஒங்களுக்க முதுகுக்கு ஒரு நோயும் சூக்கேடும் இல்ல, மேடம். ஒங்களுக்க மேசைக்குத்தான் சூக்கேடு. நான் அதுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

மேசை வைத்தியம் மறுநாளே தொடங்கியது. ஆர்ஷா கண்ணாடியின் விளிம்பைத் தூக்கிப் பிடிக்க, சூடாமணி அடியில் ஸ்கேலை விட்டு மெதுவாக நெம்ப, பத்மநாபஸ்வாமி பள்ளிகொண்ட கோலத்திலேயே ஒன்றரை அடி இடப்பக்கம் எழுந்தருளினார். கம்ப்யூட்டர் நடுவுக்கு வந்தது. திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேரே இருக்கவேண்டும், கை நீட்டினால் விரல் தொடுகிற தூரத்தில் இருக்கவேண்டும் என்று ஜிபின் சொல்லியிருந்தார். அடியில் இரண்டு பழைய ஃபைல் கட்டுகளைக் கொடுத்து உயர்த்தினார்கள். அந்த ஃபைல்கள் அதற்கு முன்பு யாரையும் உயர்த்தியதாகத் தெரியவில்லை. கீபோர்டை நெஞ்சுப் பக்கம் இழுத்ததும் முழங்கை விலாவோடு ஒட்டி நின்றது. தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசக்கூடாது என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். தென்காசியிலிருக்கும் அக்காவின் சம்பந்தி விவகாரம் பி செக்ஷன் முழுவதற்கும் பொதுச் சொத்தானது. இரண்டாவது நாள் மாப்பிள்ளை திரும்பி வந்தாரா என்று ஆர்ஷாவே கேட்க ஆரம்பித்தாள்: "சேச்சி, அந்த மாப்பிள்ளை திரிச்சு வந்நோ?"

கால்தான் தகராறு செய்தது. நாற்காலி உயரம், சூடாமணி உயரம் கம்மி. பாதம் தரையில் படவில்லை, பட்டால்தான் இடுப்புக்கு ஆறுதல். காலடியில் வைக்க ஆபீசில் ஃபைலைத் தவிர என்ன இருக்கிறது? காகிதத்தில் கால் படலாமா? சரஸ்வதி அல்லவா? வீட்டிலிருந்து செங்கல் கொண்டுவரலாம் என்றால் வீட்டிலிருந்த மூன்று செங்கல்லும் ஆற்றுகால் பகவதிக்குப் பொங்கல் வைக்கும் பொங்காலைக்கு அடுப்புக் கூட்டியவை. அவற்றில் பகவதி இருக்கிறாள். கடைசியில் கிடைத்தது ஜெராக்ஸ் காகிதம் வந்த அட்டைப்பெட்டி. அதிலும் எழுத்து அச்சடித்திருந்தது. சூடாமணி பெட்டியைப் பிரித்து, எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பி மடித்து, உள்ளே பழைய துணியைத் திணித்து ஒட்டிவிட்டார். கால் வைத்தபோது எழுத்து கண்ணில் படவில்லை. கண்ணில் படாத சரஸ்வதியைப் பற்றிச் சாஸ்திரம் ஒன்றும் சொல்லவில்லையாம்.

எல்லாம் செய்தும் இரண்டாவது வார முடிவில் தாடை தோளுக்குப் பாதி வழியில் நின்றது. காரணம் ஜிபினின் கடைசி உத்தரவு: அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிஷம் நடக்கவேண்டும்.

"அதை மட்டும் சொல்லாதீங்கோ" என்றார் சூடாமணி. "பத்தேகாலுக்கு உக்காந்தா ஒரு மணிக்கு ஊணுக்குத்தான் எழுந்திருப்பேன். இருபத்தாறு வருஷமா 'பி-நாலு ஸீட்டிலே ஆள் இல்லை'ன்னு ஒருத்தர் வாய்லேருந்து வந்ததில்லை, கேட்டேளா?"

"அந்த நல்ல பேருதான் மேடம் இப்பம் ஒங்களுக்க இடுப்புல இருக்கு."

சூடாமணி கைபேசியில் அரை மணிக்கொரு மணி அடிக்க வைத்தார். அது அடிக்கும்போதெல்லாம் உட்கார்ந்தபடியே கையை நீட்டி அதை அணைத்தார். அந்த வாரம் அவருடைய உடம்பில் நன்றாக வேலை செய்தது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். ராஜஸ்ரீ ஸ்கூட்டருக்கு மழை உறை விலை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கட்டத்தில்தான் டவல் உள்ளே வருகிறது. இடுப்பின் குழிவு நாற்காலியில் படாமல் அந்தரத்தில் நிற்கிறது, ஒரு டவலைச் சுருட்டி அங்கே கொடுங்கள் என்று ஜிபின் சொல்லியிருந்தார். சூடாமணி வீட்டிலிருந்த புது டர்க்கி டவலை எடுத்துப்போய், சுருட்டி, ஃபைல் கட்டும் நாடாவால் நாற்காலியில் கட்டினார். சுகமாக இருந்தது. ஜூலை மாத மழைக்காலத்துப் புழுக்கம். சாயங்காலம் டவல் வேர்வையில் நனைந்திருந்தது. இரவோடு காயட்டும் என்று அவிழ்த்து நாற்காலியின் முதுகில் விரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இந்த ஊர் ஆபீசுகளைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தவறு என்று விளக்கவேண்டாம். தெரியாதவர்களுக்காக: கிளார்க்கின் நாற்காலிக்குக் கை இருக்காது. சூப்பிரண்டின் நாற்காலிக்குக் கை உண்டு. அதிகாரியின் நாற்காலி சுழலும், அதன் முதுகில் வெள்ளை டர்க்கி டவல் தொங்கும். எந்தச் சட்டத்திலும் இது எழுதியில்லை, தேடிப் பார்த்தேன். எழுதாததால்தான் யாரும் மீறுவதில்லை. அதிகாரி தலை துவட்டுவதற்கா, முகம் துடைப்பதற்கா என்று கேட்காதீர்கள். அது துடைப்பதற்கு இல்லை. மனுக் கொடுக்க வருகிறவர் பத்து நாற்காலிகளுக்கு நடுவே யாரைப் பார்த்துக் கைகூப்புவது என்று தெரிந்துகொள்வதற்கு.

மறுநாள் சூடாமணி பஸ்ஸில் வந்ததால் பத்து நிமிஷம் தாமதம். அவருடைய காலி நாற்காலிக்கு முன்னால் ஏழு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். முதல் ஆள் நாற்காலியைப் பார்த்துக் கைகூடக் கூப்பியாகிவிட்டது.

அந்த முதல் ஆள் பொன்னம்மை. விழிஞ்ஞத்தில் துறைமுகத்து வேலைக்காரர்களுக்குக் கஞ்சியும் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் போடுகிற சின்னச் சாப்பாட்டுக்கடைக்காரி. கடையும் வீடும் ஒன்றே. குடியிருப்புச் சான்றிதழ் இருந்தால்தான் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் தருவார்கள். அது இல்லாததால் ஒரு நாளைக்கு முப்பது குடம் தெருக்குழாயிலிருந்து சுமந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ஆபீசர் இல்லை. கிளார்க்."

"சும்மா இரிங்க மேடம். டவல் கெடக்கு. அந்தச் சாரு வச்சிருக்க டவலக் காட்டியும் பெரிசாட்டுக் கெடக்கு. பொறவு நான் எதுக்கு அங்ஙன போகணும்?"

இதுதான் உண்மையில் வினையானது. சூடாமணி கொண்டுவந்தது குளிக்கிற டவல். அதிகாரி விஜய்குமாரின் நாற்காலியில் தொங்கியது கை துடைக்கிற அளவு. பார்க்கிறவர்களுக்குக் கணக்கு சுலபம்.

சொல்லிப் புரியவைக்க முடியாமல் சூடாமணி எழுந்தார். "வாங்கோ, காட்டித் தரேன்" என்று பொன்னம்மையை வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்த அதிகாரியின் அறைவரை கூட்டிப் போய் விட்டுவிட்டுத் திரும்பினார். போக நாற்பத்திரண்டு அடி, வர நாற்பத்திரண்டு. அடுத்த ஆள் காத்திருந்தார். அன்று மட்டும் பதினோரு தடவை.

மறுநாள் டவலைச் சுருட்டிவிட்டார். ஆனால் அதற்குள் வாசலில் பேச்சு பரவியிருந்தது: உள்ளே ஒரு டவல் மாமி இருக்கிறாள், கூடவே நடந்து வந்து ஆபீசரிடம் விடுவாள், ஃபைலையும் கையோடு எடுத்து வருவாள். அதற்கப்புறம் டவல் தொங்கினால் என்ன, சுருண்டால் என்ன? ஒரு நாளைக்குப் பதினைந்து, பதினாறு பேர். சூடாமணி சிடுசிடுத்துக்கொண்டே நடந்தார். 'ஸீட்டில் ஆள் இல்லை' என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. குறை சொல்லவேண்டியவர்கள் எல்லோரும் அவரோடுதான் நடந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பதிப்பில் சொல்லப்படும் ஃபைல் உண்மை. பதினான்கு பக்கம் என்பது மட்டும் கிழக்கேகோட்டையின் கைவண்ணம்; மூன்று பக்கம்தான். பொருள்: பி-4 ஸீட்டின் நாற்காலியில் காணப்பட்ட துணி. முதல் பக்கத்தில் சூப்பிரண்டு எழுதியிருந்தார்: 'மேற்படி துணி தளவாடமா உடுப்பா என்பது தெளிவில்லை. தளவாடமானால் இருப்புப் பதிவேட்டில் ஏறவேண்டும். உடுப்பானால் நாற்காலிக்கு உடுப்பு அணிவிக்க விதி இல்லை.' இரண்டாவது பக்கம் விஜய்குமாருடையது: 'துணி, உயர் அதிகாரியின் துணியைவிட நீளமானது என்று கேள்வி. அளந்து அறிக்கை தரவும்.' மூன்றாவது பக்கம் சூடாமணியின் விளக்கம். இரண்டே வரி. 'துணி என் முதுகுக்காக. பதவிக்காக அல்ல.' அதை அவர் நேராக உட்கார்ந்து, முழங்கையை விலாவோடு வைத்து டைப் செய்தார் என்று ஆர்ஷா சாட்சி சொல்கிறாள். டவலை யாரும் காவலில் வைக்கவில்லை. அளப்பதற்கு டேப் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையில் அந்தக் கோடி அறையில் விஜய்குமாரின் வாழ்க்கை மாறிப்போயிருந்தது. முன்பெல்லாம் அவர் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவையாவது எழுந்து ஹாலுக்கு வந்து, ஃபைல் எங்கே என்று சத்தம்போட்டுவிட்டுப் போவார். அந்த உடற்பயிற்சிதான் அவரை ஓடவைத்துக்கொண்டிருந்தது. இப்போது சூடாமணி ஆளையும் ஃபைலையும் சேர்த்தே கொண்டுவந்து விடுவதால், காலையில் உட்கார்ந்தவர் ஊணுக்குத்தான் எழுந்தார். நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை, சூடாமணி பொன்னம்மையை ஆறாவது தடவையாக அழைத்துக்கொண்டு உள்ளே போனபோது, கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்த விஜய்குமார் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

ஆபீசில் அவர் மலையாளம்தான் பேசுவார், அதுவும் அச்சடித்த மலையாளம். பிறந்தது நாகர்கோவில் பக்கம் என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

"எம்மோ... புடிச்சுக்கிட்டே! எழும்பவும் முடியல, இருக்கவும் முடியலியே!"

"ஓ, சாரு நம்ம ஆளா?" என்றாள் பொன்னம்மை. "அஞ்சு மட்டம் வந்தப்பமும் ஒரு வார்த்த தமிழ் வரல்லியே ஒங்களுக்க வாயில!"

சூடாமணி அவரை மெல்ல நாற்காலியில் சாய்த்தார். பிறகு, தலைக்குப் பின்னால் தொங்கிய டவலை உருவி, சுருட்டத் தொடங்கினார்.

"பி-நாலு... அது அதிகாரியுடெ டவல்..."

"அசையப்பிடாது சார். மூச்சு விடுங்கோ. அதிகாரிக்கு அப்புறம் கொடுக்கலாம், இப்போ முதுகுக்கு வேணும்."

சுருட்டிய டவல் இடுப்புக் குழிவில் போய் உட்கார்ந்தது. விஜய்குமார் கண்ணை மூடினார். முகத்தில் ஒரு சாந்தி வந்தது என்றும், தாம் சர்வீசில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை என்றும் சூடாமணி சொல்கிறார். பொன்னம்மை கையிலிருந்த மனுவை மேசையில் வைத்தாள். வலியோடு இருந்த சாரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். பத்து நாள் லீவு.

திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் வேலை டவல் ஃபைலை மூடியது: 'மேல்நடவடிக்கை வேண்டாம்.' இப்போது அவருடைய டவல் எப்போதும் சுருண்டு இடுப்பில்தான் இருக்கிறது. அதனால் வேறொரு சங்கடம். மனுக்காரர்கள் அறைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். டவல் இல்லாத நாற்காலி. இதில் இருப்பவர் அதிகாரியாக இருக்க வழியில்லை என்று திரும்பி, நேராகச் சூடாமணியிடம் வருகிறார்கள். சூடாமணி எழுந்து, அவர்களைத் திரும்ப நாற்பத்திரண்டு அடி நடத்திக்கொண்டு போகிறார்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை. ஜிபினின் நிலையத்துக்குச் சேஷன் காரில் கூட்டிப் போனார். பின் ஸீட்டில் ராஜஸ்ரீ, மடியில் ஹெல்மெட். ஜிபின் சூடாமணியை ஸ்டூலில் உட்காரவைத்து, பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஒடம்பு அசையப்பிடாது. வலப்பக்கம் திரும்புங்க. எத்தன வெரல் காட்டுகேன்?"

"மூணு. ஒண்ணுலே மோதிரம் இருக்கு."

"இடப்பக்கம்?"

"ரெண்டு. நகம் வெட்டணும், கேட்டேளா."

ஜிபின் சிரித்துவிட்டார். "டவல் நல்லா வேல செஞ்சிருக்கு. சும்மா கேக்கேன், அரை மணிக்கொரு மட்டம் எழும்புனீங்களா?"

"எங்கே? வர்ற ஜனங்களைக் கொண்டாக்கிக் கொண்டாக்கி எனக்கு எழுந்து நடக்க நேரமே கிடைக்கலை."

"ஒரு நாளைக்கு எத்தன பேரு?"

சூடாமணி சொன்னார். ஜிபின் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார்; அரை மணிக்கு ஒரு நடைக்குக் குறையாமல் வந்தது. பிறகு டவலைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இதோடு முடிந்திருக்கவேண்டியது. சேஷனுக்குத்தான் மனசு ஆறவில்லை. "அதென்ன பெரிய வித்தை? எனக்கும் வரும்" என்று எழுந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பினார். கழுத்து நாலு விரற்கடை போனது, நின்றது, திரும்பி வரவும் மறுத்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரே சோபாவில் ஒரே பக்கம் சாய்ந்து கைபேசி பார்க்கிறவர்.

ஜிபின் வந்து அமுக்கினார். சேஷன் கத்தினார். "ஆங், இதுதான்" என்றார் ஜிபின். "சாரு நாலு வாரம் கார் ஓட்டப்பிடாது."

ராஜஸ்ரீ எழுந்து வந்தாள். ஹெல்மெட்டை மாமாவின் தலையில் வைத்து, வாரைப் பூட்டிவிட்டு, பஸ் பிடிக்கப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சூடாமணி மாம்பழ மஞ்சள் வண்டியை வெளியே எடுத்தார். பின்னால் சேஷன், கழுத்து அசையாமல், கோவில் வந்தபோதெல்லாம் கண்ணை மட்டும் அந்தப் பக்கம் ஓட்டிக் கும்பிட்டுக்கொண்டு. வண்டி சங்குமுகம் போகவில்லை. விழிஞ்ஞம் போயிற்று.

"எங்கே போறே?"

"ஒருத்தரைப் பாக்கணும். அவாளாலேதான் இந்த வண்டி எனக்கு மிஞ்சித்து."

பொன்னம்மை அந்த ஆறு வாரத்தில் ஒன்பது தடவை வந்திருந்தாள். வேறு யாரும் அத்தனை தடவை வரவில்லை. அவளுடைய மனு மட்டும் மேசையை விட்டு இறங்கவில்லை. அதிகாரி லீவிலிருந்து வந்ததும் இடத்தைப் பார்த்து அறிக்கை வேண்டும் என்றார். இடத்தைப் பார்க்கவேண்டிய செக்ஷன், பார்க்கச் சொல்லி உத்தரவு வேண்டும் என்றது. பத்தாவது தடவை அவளை அலையவிடுவதற்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று சூடாமணி நினைத்தார்.

கடை துறைமுகத்துக்குப் போகும் சாலைக்குப் பின்புறம். மத்தியானத்து வேலைக்காரர்கள் வருவதற்குள் தண்ணீர் நிரப்பவேண்டிய அவசரத்தில் இருந்தாள் பொன்னம்மை. வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மேடமே! வண்டி ஓட்ட விட்டாவளா? முதுகு எப்படி?"

"நன்னா இருக்கு. பொன்னம்மை, உங்க காகிதம் இன்னும் கொஞ்சம்... ஒரு அறிக்கை வரணும். நீங்க அதுக்காக மெனக்கெட்டு வரவேண்டாம். ஆனதும் நானே போன் பண்றேன்."

"நான் வரலேன்னா நீங்க யாரக் கூட்டிட்டு நடப்பீங்க?" என்று சிரித்தாள் அவள். பிறகு தெருக்குழாயடிக்குப் போய், நிறைந்த குடத்தை இடுப்பை வளைத்துக் குனிந்து தூக்கப் போனாள்.

சூடாமணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயோ, இடுப்பை வளைக்கப்பிடாது! முழங்காலை மடக்கி, குடத்தை வயித்தோட ஒட்டிப் பிடிச்சுண்டு எழுந்திருக்கணும். ஜிபின் சொல்லித் தந்தார்."

பொன்னம்மை குடத்தை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கோபமில்லை, உண்மையாகவே கேட்டாள்.

"குழாய் வந்துட்டுன்னா நான் எதுக்கு மேடம் குனியணும்?"

வண்டியருகே நின்ற சேஷன் கழுத்தைத் திருப்ப முடியாததால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூடாமணி குனிந்து, முழங்காலை மடக்கி, குடத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக மூன்று குடம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மீதி இருபத்தேழு.

அந்தக் கேள்வியைச் சூடாமணி ஆபீசுக்கு எடுத்துப் போனார். ஆபீஸ் நாள்களில் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் எழுந்துபோய், அந்தக் கோடி அறையில் தலையை நீட்டி, "சார், விழிஞ்ஞம் மனு?" என்று கேட்கிறார். விஜய்குமார் டவலில் சாய்ந்தபடி, மறுபடியும் மலையாளத்தில், "நோக்காம்" என்கிறார்; பார்க்கலாம் என்று அர்த்தம். போன வியாழக்கிழமை சூடாமணி ஏழு தடவை கேட்டதாகவும், ஏழு தடவையும் "நோக்காம்" என்றே பதில் வந்ததாகவும் ஆர்ஷா சொன்னாள்.